தலைமை ஆசிரியர் மேசைக்குப் பக்கத்து நாற்காலி: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி நிர்வாகம் பழகுவது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில். சில நிர்வாகங்கள் இதற்கு ‘லீடர்ஷிப் இன்டர்ன்ஷிப்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. பல பள்ளிகளில் பெயரே கிடையாது. “டீச்சர், நீங்க கொஞ்சம் ஆபீஸையும் பாத்துக்கிடுங்க” என்பதோடு பயிற்சி தொடங்கிவிடும். இரண்டு வகையாருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் பி.டி. (பட்டதாரி) ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஹெச்.எம். (தலைமை ஆசிரியர்) இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். வருகிற கல்வியாண்டு முழுக்க அவரோடு இருந்து நிர்வாகம் பழகச் சொல்லியிருக்கிறார் தாளாளர். வகுப்பும் எடுக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
*– ஆசிரியை, கருங்கல்*

மே மாதக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஜூனில் மணி அடித்த பிறகு போய் உட்கார்ந்தால் பாதி விஷயம் முடிந்திருக்கும். சேர்க்கை, டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வழங்குவது, வகுப்புப் பிரிப்பது, கால அட்டவணை, பாடநூல் வரவு எல்லாம் பள்ளி திறப்பதற்கு முந்தின இரண்டு வாரத்தில்தான் உருவாகின்றன. ஜனவரியில் பயிற்சிக்கு வந்தவர் பொதுத்தேர்வு வேலையை மட்டும் பார்த்துவிட்டு, நிர்வாகம் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்து, ஒரே ஒரு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம். தாளாளர், ஹெச்.எம்., நீங்கள் மூவரும் அதில் கையெழுத்துப் போடுங்கள். வாரத்துக்கு எத்தனை பாடவேளை உங்களுக்கு விடுவிப்பு, எந்தப் பதிவேடுகளை நீங்கள் எடுத்துப் பார்க்கலாம், எதில் கையெழுத்திடக் கூடாது, எந்த வேலை முழுக்க உங்கள் பொறுப்பு என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். 28 பாடவேளை எடுப்பவர் என்றால் 24 ஆகக் குறைத்து, அந்த நான்கையும் கால அட்டவணையிலேயே ‘நிர்வாகம்’ என்று அச்சிடச் சொல்லுங்கள். அச்சில் இல்லாத ஓய்வு வேளையைப் பதிலி வகுப்பு (வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுப்பது) விழுங்கிவிடும். வாரம் நான்கு என்றால், தேர்வு வாரங்கள் போக ஆண்டுக்குச் சுமார் 120 பாடவேளை, அதாவது 90 மணி நேரம் கிடைக்கும். ஒழுங்காகப் பயன்படுத்தினால் இது தாராளம்.

ஜூன், ஜூலையில் கூடவே இருந்து பாருங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சேர்ந்து செய்யுங்கள். நவம்பரிலிருந்து நீங்கள் செய்ய, ஹெச்.எம். சரிபார்க்கட்டும். பெரும்பாலான பயிற்சிகள் முதல் படியைத் தாண்டுவதே இல்லை. காரணம், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இரண்டு பேருக்கும் வசதி. அதைத் தாண்ட ஒரே வழி, ஒரு வேலையை முழுதாக வாங்கிக்கொள்வது. எந்த வேலையை வாங்குவது என்று தெரியாவிட்டால் இப்படி யோசியுங்கள்: அது நடக்காவிட்டால் நாளைக்குக் காலையில் யாராவது உங்களைத் தேடி வந்து கேட்பார்களா? தினசரிப் பதிலி வகுப்புப் பங்கீடு அப்படிப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வை வினாத்தாள் முதல் மதிப்பெண் பதிவு வரை நடத்துவதும் அப்படிப்பட்டதே. ஆண்டு விழாவில் மைக் பிடிப்பதும் சிறப்பு விருந்தினருக்குச் சால்வை எடுத்துக் கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றைத் தலைமைப் பண்பு என்று எழுதித் தருகிற பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. சான்றிதழ் கிடைக்கும், வேலை வராது.

ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் 1. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயம் செய்வார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்க நிலையில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 61 ஆனால் 3. ஒரு குழந்தையில் ஒரு பணியிடம். ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். அதனால் ஜூலைக் கடைசி வாரம் நீங்களே வகுப்பு வகுப்பாகப் போய்த் தலையை எண்ணி, வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, எமிஸ் (கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவு) மூன்றிலும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். முதல் தடவை வராது. ஜூனில் டி.சி. வாங்கிப் போன பையன் எமிஸில் இன்னும் உங்கள் பள்ளியிலேயே இருப்பான். புதிதாகச் சேர்ந்த பெண்ணை நீங்கள் எடுத்துக்கொள்ளும்படி பழைய பள்ளி எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விடுவித்திருக்காது. இரண்டையும் தனித்தனித் தாளில் பெயரோடு எழுதி, பழைய பள்ளிக்குப் போன் பண்ணி முடியுங்கள். உபரி ஆசிரியர், பணி நிரவல் (உபரியானவரை வேறு பள்ளிக்கு மாற்றுவது) என்று பின்னால் வரும் சங்கடங்களில் பல இந்த ஒரு வாரச் சோம்பலில் முளைப்பவைதான்.

ஒரு நோட்டும் வேண்டும். மூன்று பத்தி: ஹெச்.எம். என்ன முடிவு எடுத்தார், ஏன், என்னிடம் விட்டிருந்தால் என்ன செய்திருப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினைந்து நிமிடம் ஹெச்.எம்.மோடு இரண்டாவது பத்தியை மட்டும் பேசுங்கள். மூன்றாவது பத்தி உங்களுக்கு மட்டும்.

எட்டுப் பாடவேளை, பத்துப் பிரிவு, பதினைந்து ஆசிரியர்கள். கால அட்டவணை போடும் வேலையைத் தந்திருக்கிறார்கள். மூன்று முறை போட்டும் கடைசியில் இடிக்கிறது.
*– பயிற்சியில் இருக்கும் ஆசிரியர், தக்கலை*

6 ஏ-வை முடித்து, பிறகு 6 பி, பிறகு 7 ஏ என்று வகுப்பு வாரியாக நிரப்பிக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறோம். அப்படிப் போட்டால் முதல் ஏழு பிரிவு அழகாக அமையும். மிச்சமிருக்கும் எல்லாச் சிக்கலும் கடைசி மூன்று பிரிவின் தலையில் வந்து விழும். நிரப்ப வேண்டியது ஆசிரியர் வாரியாக.

அதற்கு முன் கணக்கு. பத்துப் பிரிவு, வாரம் 40 பாடவேளை: 400. பதினைந்து பேர், ஆளுக்கு 28: 420. ஆக உங்கள் கையில் இருக்கும் இளக்கம் வெறும் 20. இதில் உங்கள் பயிற்சிக்கு 4, நூலகப் பொறுப்பு பார்ப்பவருக்கு 4 என்று விட்டால் 12 தான். இந்த எண்ணை முதலில் ஹெச்.எம்.மிடம் காட்டிவிடுங்கள். “எனக்கு ரெண்டு பீரியட் கொறச்சிருங்க” என்று வருகிறவர்களுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

பிறகு ஒரு முழு சார்ட் தாளில் பத்து வரிசை, நாற்பது கட்டம். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஓர் எண். எண் எழுதிய சின்னத் துண்டுத் தாள்களை நகர்த்தி நகர்த்தி வையுங்கள். பேனாவை இப்போது தொடவே வேண்டாம். முதலில் நகர்த்த முடியாதவை: வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியர், ஒரே ஆய்வகம், ஒரே கணினி அறை, ஒரே மைதானம். விளவங்கோடு பக்கம் தமிழும் மலையாளமும் மொழிப்பாடமாக உள்ள பள்ளி என்றால், ஒரு வகுப்பின் இரண்டு மொழி வேளையும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். ஆகவே அவை இரண்டு துண்டு இல்லை, ஒட்டிப் பிறந்த ஒரே துண்டு. இதை மறந்தால் அடுத்தடுத்து எல்லாம் சரியும். அடுத்து அறிவியல் செய்முறைக்கான இரட்டை வேளைகள். அதற்கடுத்து அதிகப் பிரிவுகளுக்குப் போகும் ஆசிரியர். இவ்வளவும் உட்கார்ந்த பிறகே, ஓரிரு வகுப்பு மட்டும் எடுப்பவர்கள். அவர்களை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பதால் கடைசி.

சரிபார்ப்பது நெடுக்குவாட்டில். ஒரு கட்டத்தின் பத்து வரிசையிலும் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. நாற்பது கட்டத்தையும் இப்படிப் பார்க்க அரை மணி நேரம் போதும். எக்செல் தெரிந்தவர் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் கவுன்ட்இஃப் சூத்திரம் போட்டால் இடிக்கும் இடம் தானாகச் சிவக்கும்.

இடிக்காத அட்டவணை எல்லாம் நல்ல அட்டவணை ஆகிவிடாது. ஏதாவது ஒரு வகுப்புக்கு ஐந்து நாளும் எட்டாம் வேளை கணக்குதானா? மலையோரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருபவருக்குத் தினமும் முதல் வேளையா? வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் ஆசிரியருக்கு மதிய இடைவேளையை ஒட்டி வகுப்பா? ஒருவருக்குத் தொடர்ந்து ஐந்து வேளையா? பார்த்துவிட்டு ஒரு வாரம் ‘தற்காலிகம்’ என்று பென்சிலில் எழுதி ஒட்டுங்கள். திங்கட்கிழமை பத்துப் புகார் வரும். வெள்ளிக்குள் மூன்றாகக் குறையும். அந்த மூன்றைத் திருத்தினால் போதும்.

நிர்வாகம் பழக ஆரம்பித்ததிலிருந்து ஸ்டாஃப் ரூமில் நான் போனால் பேச்சு நிற்கிறது. ‘ஹெச்.எம்.முக்குக் காது’ என்று பெயர் வேறு. என்ன செய்வது?
*– ஆசிரியை, நாகர்கோவில்*

பேச்சு நிற்பது இயல்பு. நேற்று வரை பக்கத்தில் இருந்து டீ குடித்தவர் இன்று பீரோச் சாவியோடு வருகிறார். விளக்கம் சொல்லிப் பயனில்லை. மூன்று காரியங்களில் உங்கள் நடத்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

முதலாவது பதிலி வகுப்பு. அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டு, யாருக்கு எத்தனை என்று ஓடும் கூட்டுத்தொகையோடு எல்லாரும் பார்க்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும், உங்கள் எண்ணிக்கை யாருடையதையும்விடக் குறையாமல் இருக்கட்டும். காலையில் துண்டுச்சீட்டை மாணவனிடம் கொடுத்தனுப்பாமல், நீங்களே போய் “இன்னைக்கு ஏழாவது பீரியட் 8 பி எடுத்துக்கிடுங்க சார்” என்று சொன்னால் பாதிப் புகைச்சல் கிளம்பாது. இரண்டாவது, விடுப்பு விண்ணப்பங்கள். அதில் யாருடைய நோய், யாருடைய வீட்டுப் பிரச்சினை என்பதெல்லாம் இருக்கும். உங்கள் கண்ணில் பட்டது உங்களோடு நிற்க வேண்டும். மூன்றாவது, வகுப்பு உற்றுநோக்கல். பயிற்சிக்காக ஒருவர் வகுப்பில் போய் உட்காரலாம். ஆனால் முதல் நாளே கேட்டுக்கொண்டு போங்கள், எழுதிய குறிப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அந்தத் தாள் ஹெச்.எம். மேசைக்குப் போனால், அந்தப் பெயர் உங்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

சேர்க்கைப் பதிவேடு எழுதும் பொறுப்பு வந்திருக்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். எதில் கவனம் வேண்டும்?
*– ஆசிரியர், களியக்காவிளை*

பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி. இந்த மூன்றும் சேர்க்கைப் பதிவேட்டில் எப்படி விழுகிறதோ அப்படியே எமிஸுக்கும், பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்கும், மதிப்பெண் சான்றிதழுக்கும் போகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பிறந்த தேதியைத் திருத்துவது பெரும்பாடு. முதல் வகுப்பில் ஐந்து நிமிட வேலை.

நம் மாவட்டத்தில் முன்னெழுத்துத்தான் அதிகம் சறுக்குகிற இடம். தகப்பனார் பெயர் சேவியர் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் முன்னெழுத்து ‘எக்ஸ்’. தமிழில் ‘சே’. ஒருவர் தமிழ்ப் பத்தியிலும் ‘எக்ஸ்.’ என்று எழுதிவைப்பார். அடுத்த ஆண்டு வேறொருவர் அதைப் பார்த்து ‘எ.’ என்று சுருக்குவார். எட்டாம் வகுப்பு வரும்போது அது எட்வின் மகனா என்று கேட்க வேண்டியிருக்கும். வீட்டுப் பெயரையோ தாயார் பெயரையோ முன்னெழுத்தாக வைக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. ஆகவே முன்னெழுத்து யாருடைய பெயரிலிருந்து வருகிறது என்று பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் முழுப் பெயரையும் எழுதிவையுங்கள். பிறந்த தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, பிறப்புச் சான்றிதழோடு விரல் வைத்து ஒப்பிட்டு, பெற்றோரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். தவறு நேர்ந்தால் ஒயிட்னர் கூடாது. ஒற்றைக் கோடு அடித்து, மேலே எழுதி, ஹெச்.எம். சுருக்கொப்பமும் தேதியும்.

கேரளத்திலிருந்து வரும் பிள்ளையின் விவரம் அங்குள்ள ‘சம்பூர்ணா’ என்ற இணையப் பதிவில் இருக்கும், நம் எமிஸில் இருக்காது. யுடைஸ் பிளஸ் என்ற தேசியப் பள்ளித் தகவல் பதிவு தரும் நிரந்தர எண்ணை டி.சி.யோடு கேட்டு வாங்கினால் ஒரே பிள்ளை இரண்டு எண்ணோடு அலைவதைத் தவிர்க்கலாம். எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதும் மறுக்கக் காரணமாகாது. மலையாளம் மட்டுமே படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தால், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் குறுக்கே நிற்கும். அதைப் பெற்றோரிடம் சேர்க்கும் அன்றே பேசுங்கள், அடுத்த டிசம்பரில் அல்ல.

பெற்றோர் கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருவதில்லை. அந்தப் பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.
*– ஆசிரியை, குளச்சல்*

பத்து மணிக்குக் கூட்டம் போட்டால் எந்த ஊரிலும் அப்படித்தான். கடற்கரையில் அந்த நேரத்தில் தாய்மார் மீன் விற்கப் போயிருப்பார்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் என்றால் விடியலில் சீவின ரப்பர் மரத்துப் பாலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஆலைக்கு) போகும் அம்மாவுக்கு அரைநாள் கூலி போகும். பெற்றோரின் வேலை நேரத்தை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதுதான் இந்தப் பொறுப்பின் முதல் வேலை.

உங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். விசைப்படகுத் தொழிலுக்குப் போகும் தகப்பன்மார் கரையில் இருக்கும் இரண்டு மாதம் அது. ஆண்டின் முதல் கூட்டத்தையும், அப்பாவின் கையெழுத்து தேவைப்படும் படிவங்களையும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு சாயங்காலம், அல்லது ஞாயிறு பூசை முடிந்த பிறகு அரை மணி நேரம். அழைப்பில் ‘கல்வி வளர்ச்சி குறித்து’ என்று எழுதினால் யாருக்கும் அசைவிருக்காது. ‘உங்க பிள்ளையோட காலாண்டு விடைத்தாளைக் காட்டுறோம்’ என்று சொல்லிவிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு வேறு, பொதுவான பெற்றோர் கூட்டம் வேறு. குழுவில் முக்கால்பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். உதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பணி மட்டுமே. தீர்மான நோட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு தீர்மானம் எழுதுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை மட்டும் பழகாதீர்கள்.

ரொக்கப் பதிவேட்டைப் பயிற்சியாளர் எழுதலாமா? காசோலையில் கையெழுத்து?
*– ஆசிரியர், மார்த்தாண்டம்*

காசோலையில் கூடாது. ரொக்கப் பதிவேட்டில் அசல் பக்கத்திலும் வேண்டாம். தனி நோட்டில் ஒரு மாதம் இணையாக எழுதி, மாலையில் அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் உதாரணம்.

தேர்வுக் கட்டணம் ஆளுக்கு ₹100. அன்று கிழித்த ரசீது 211 முதல் 251 வரை. எண்ணினால் 40 என்று தோன்றும். இரு முனையையும் சேர்த்து 41. ஆக ₹4,100 இருக்க வேண்டும். பெட்டியில் ₹4,000. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பதறுவதற்கு முன் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுங்கள்: 233ஆம் எண் பெயர் தவறாகி ரத்தானது. ரத்தான ரசீதின் இரண்டு படியும் புத்தகத்திலேயே பின் செய்யப்பட்டு, குறுக்கே ‘ரத்து’ என்று எழுதி ஹெச்.எம். கையெழுத்து இருந்தால் கணக்கு நேர். மேல்படி காணவில்லை என்றால், நூறு ரூபாய்க்குத் தணிக்கையில் நீங்கள் ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டும்.

வசூலான பணத்தை முழுசாக வங்கியில் கட்டிவிட்டு, செலவுக்கு வங்கியிலிருந்து தனியாக எடுங்கள். “கையில காசு இருக்குல்ல, சாக்பீஸ் வாங்கிட்டு வாங்க” என்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. பொருள் வாங்கின ஒவ்வொரு பில்லின் மேலும், இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் ஏற்றப்பட்டது என்று எழுதுங்கள். தணிக்கைக்கு வருபவர் தேடுவது அந்தப் பக்க எண்ணைத்தான். ₹5,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கும் ரசீதுக்கு ஒரு ரூபாய் வருவாய் முத்திரை.

உள்ளூர் விடுமுறை இவ்வளவு உள்ள மாவட்டத்தில் வேலை நாள் கணக்கு எப்படி?
*– ஆசிரியை, சுசீந்திரம்*

நவம்பர் 1, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, உங்கள் ஊர் மார்கழித் தேர், மண்டைக்காட்டுக் கொடை, ஓணம் என்று வழக்கமாக வருகிறவற்றை ஜூனிலேயே நாட்காட்டியில் பென்சிலால் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சனிக்கிழமையை எதிரே எழுதிவையுங்கள். ஆட்சியரின் அறிவிப்பில் ஈடுசெய்யும் நாள் வந்ததும் மையால் எழுதலாம். அதற்குமேல் மழை. இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் என்பதால் ஆறேழு நாளைக் கையில் வைத்தே திட்டமிடுங்கள். சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். நாளை மட்டும் எண்ணிவிட்டு மணி நேரத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விளையாட்டு விழா ஒத்திகை நடந்த நாட்களைக் கழித்துப் பாருங்கள், தெரியும்.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணி பள்ளி முதல்வராக இன்டர்ன்ஷிப் செய்கிறார். இங்கே அது கட்டாயமா?
*– வாசகி, வடசேரி*

இல்லை. அங்கே பல மாநிலங்களில் முதல்வர் பணிக்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கான படிப்பில் ஒரு முதல்வரின் மேற்பார்வையில் பள்ளியில் வேலை பழகுவதும் அடங்கும். எதெதில் தேற வேண்டும் என்பதற்கு 2015இல் வகுத்த பத்துத் தலைமைத் தரங்களைப் பல படிப்புகள் வைத்துக்கொள்கின்றன. அண்ணியிடம் அந்தப் பத்தையும் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். நம் பதிவேடுகளைப் பற்றி ஒரு வரி இருக்காது, ஆனால் கற்பித்தலைக் கவனிப்பது பற்றி நாம் பேசாததெல்லாம் இருக்கும்.

இங்கே பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளிப் பயிற்சி உண்டு, அது வகுப்பெடுக்க. தலைமை ஆசிரியர் ஆவதற்கு அரசுப் பள்ளிகளில் முக்கியமாகப் பார்ப்பது பணிமூப்பும் துறைத் தேர்வுகளும். துறைத் தேர்வு விதிகளைச் சொல்லித்தரும், ஆளைக் கையாளச் சொல்லித்தராது. டெல்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தில் 2012 முதல் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. அதன் பாடங்களை இணைய வழியில் படிக்கலாம். தனியார் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது பயிற்சிச் சான்றிதழைவிட, நீங்கள் போட்ட ஒரு கால அட்டவணையையும் நடத்திய ஒரு தேர்வின் கோப்பையும் காட்டினால் மதிப்பு அதிகம்.

பயிற்சிக் காலத்தில் ஒரு மாணவி என்னிடம் வந்து பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் நான் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாமா?
*– பெயர், ஊர் வேண்டாம்*

விலகிக்கொள்ள முடியாது. போக்சோ சட்டம் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. பயிற்சியாளர், ஆசிரியர் என்ற வித்தியாசம் அதில் இல்லை. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. ஹெச்.எம்.மிடம் அன்றே சொல்லுங்கள், அவர் தெரிவித்தாரா என்றும் அன்றே கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே காவல் துறைக்குத் தெரிவியுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பதும், “குடும்ப மானம்” என்று பெற்றோரிடம் பேசிப் பார்ப்பதும் பள்ளியின் வேலை அல்ல. அந்தப் பிள்ளையின் பெயர் ஸ்டாஃப் ரூமில் ஒரு முறைகூட உச்சரிக்கப்படக் கூடாது.

மார்ச்சோடு பயிற்சி முடிகிறது. மே மாதம் பொறுப்பு ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள். சாவியை வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
*– ஆசிரியர், குலசேகரம்*

ஒரு நாளில் வாங்காதீர்கள், மூன்று நாள் கேளுங்கள். பழைய தலைமை ஆசிரியர் எவ்வளவு நெருக்கமானவர் என்றாலும் சரி. நெருக்கமானவர் என்றால் இன்னும் கட்டாயம்.

முதல் நாள் பணம். ரொக்கப் பதிவேட்டை அன்றைய தேதியோடு மூடி, கையிருப்பை இருவரும் எண்ணி, ஒவ்வொரு வங்கிக் கணக்கின் பாஸ்புக்கும் அன்றுவரை அச்சிட்டு வாங்குங்கள். யாரும் தொடாத பழைய கணக்கு ஒன்று பெரும்பாலும் இருக்கும். பயன்படுத்தாத காசோலைகளை எண்ணோடு எழுதுங்கள்.

இரண்டாம் நாள் பொருள். இருப்புப் பதிவேட்டை மேசையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடங்கள். பதிவேட்டில் 42 பெஞ்ச், அறையில் 37 என்றால், “அதெல்லாம் ஒடிஞ்சு கெடக்கு” என்ற பதிலை வாங்கிக்கொள்ளாமல், ஒடிந்ததைக் கண்ணால் பார்த்து ‘பழுது 5’ என்று பட்டியலில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். ஆய்வக அமிலப் புட்டிகள், தீயணைப்பான்களின் காலாவதித் தேதி, கட்டட உறுதிச் சான்று எந்தத் தேதி வரை என்பதெல்லாம் இந்த நடையிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் தாள். ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகள் ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, கடைசிப் பதிவு எந்த ஆண்டு, சேர்க்கைப் பதிவேடு முதல் தொகுதி எங்கே, நீதிமன்றத்தில் நிலுவை ஏதும் உண்டா, எமிஸ் கடவுச்சொல் யாருடைய போன் எண்ணோடு கட்டியிருக்கிறது. ஓடிபி பழைய தலைமை ஆசிரியரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தால், ஜூன் முதல் வாரம் அவர் பின்னால் அலைய வேண்டியிருக்கும். கடைசியாக டி.சி. புத்தகங்கள். பயன்படுத்திய கடைசி எண், மிச்சமுள்ள முதல் எண், மொத்தம் எத்தனை வெற்றுத் தாள் என்று எண்ணி, பள்ளியின் வட்ட முத்திரையோடு சேர்த்து ஒரே பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அந்தப் பீரோவுக்கு இரண்டாவது சாவி ஒன்று இருக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள்.